தோட்டத்துப் பட்டணத்தில் முதல் முதலீட்டு வீடு

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் “ஊரில் ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன?” என்று கேட்கும் இளையோர் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நான் நிலம், வீடு கைமாறும் பத்திரங்களைத் தயாரிக்கும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலமாக எழுத்தராக இருப்பதால், இந்தக் கேள்வி கோயில் வாசலிலும் வருகிறது, கல்யாணப் பந்தியிலும் வருகிறது. இலையில் சாம்பார் ஊற்றும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன். நம்மூர் போன்ற பட்டணத்தில் விலை ஏறும் என்று நம்பி வீடு வாங்கக் கூடாது. வாடகையைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதற்கும் முன்னால் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, படித்துவிட வேண்டும்.

இணையத்தில் சொத்து முதலீட்டைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலானோர் கிள்ளான் பள்ளத்தாக்கை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். அங்கே ரயில் நிலையம் ஒன்று புதிதாக வந்தால் சுற்றுவட்டார விலை நகரும். நம்முடையது ஈப்போவுக்கு வடக்கே, எல்பில், கமுனிங், டோவன்பி போன்ற தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த பட்டணம். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நம்மவர்கள் செய்த வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தோட்டத்து லய வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியேறின. அவர்களுடைய பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போனார்கள். வாங்க வருபவர்கள் குறைவு, வீடு கட்டுவதற்கான நிலமோ தாராளம். இப்படிப்பட்ட ஊரில் விற்பனைப் பலகையை மாட்டிவிட்டு மாதக் கணக்கில் காத்திருப்பது வழக்கம். அவசரத்துக்கு விற்க வேண்டியவர், வாங்குபவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். 180,000 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய ஒற்றை மாடித் தொடர்வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் 18,000. உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000 ரிங்கிட்டுக்கு ஒரு விழுக்காடு, அடுத்து 500,000 வரைக்கும் இரண்டு விழுக்காடு என்பதால் 2,600. மீதி 162,000-ஐக் கடனாக எடுத்தால், கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு முத்திரை வரி 810. வழக்கறிஞர் கட்டணம் 2023 ஜூலை முதல் 500,000 ரிங்கிட் வரைக்கும் 1.25 விழுக்காடு; விற்பனை ஒப்பந்தத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று என்று இரண்டு முறை, அதன்மேல் சேவை வரி, ஆக ஏறத்தாழ 4,600. மதிப்பீட்டாளர், பதிவு, தேடல் என்று சில்லறைச் செலவுகளும் சேர்ந்தால் 27,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் கையிலிருந்து போகும். சுவருக்குச் சாயம் பூசுவது இதில் சேரவில்லை. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 500,000 ரிங்கிட் விலை வரை முத்திரை வரி விலக்கு அறிவிக்கப்பட்டு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. ஒப்பந்தம் போடும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா, உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மாதக் கணக்கு. நான்கு விழுக்காடு வட்டியில் முப்பது ஆண்டுகளுக்கு 162,000 ரிங்கிட் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 773. அந்த வீட்டுக்கு மாதம் 650 வாடகை கிடைக்கிறது என்றால் ஒவ்வொரு மாதமும் 120 ரிங்கிட்டுக்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், மழைக்காலத்தில் கூரை ஒழுகும், நிலவரியும் மதிப்பீட்டு வரியும் கட்ட வேண்டும். இவற்றையெல்லாம் கழித்தால் 7,800 என்று தெரிந்த ஆண்டு வாடகை 5,700 அளவுக்கு இறங்கிவிடும். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. வங்கிக்கு நீங்கள் கொடுப்பது நான்கு. அதிலும் முதல் ஆண்டில் கட்டும் 9,276 ரிங்கிட்டில் 6,400-க்கு மேல் வட்டிக்கே போகிறது. ஊழியர் சேமநிதி 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க முடியும் என்பதாலேயே எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. தவிர, முதல் வீட்டுக்காக ஒருமுறை எடுத்தவர், அந்த வீட்டை விற்ற பிறகே இரண்டாம் வீட்டுக்காக எடுக்க முடியும். வாடகைக்கு விடும் வீட்டுக்கு அந்த வாய்ப்பைச் செலவழித்துவிட்டு, குடியிருக்க வீடு வாங்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதே கணக்கு, விலை குறைந்த வீட்டில் வேறு முகம் காட்டும். வாடகை பாதியாகக் குறைவதில்லை, விலை பாதியாகக் குறையும். ஆகவே வாடகைக்காக வாங்குபவர் புதிய தாமானில் பளபளக்கும் இரட்டை மாடியை விட்டுவிட்டு, பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து போகக்கூடிய பழைய சிறு வீட்டைப் பார்ப்பது நல்லது. ஆனால் 100,000 ரிங்கிட்டுக்குக் கீழான கடனுக்கு வங்கிகள் பல தயங்கும். விலையேற்றத்தில் கிடைக்காத லாபம் வாடகையில் கிடைக்கும் இடம் இதுவே என்றாலும், அதற்குச் சேமிப்பு கூடுதலாக வேண்டும். மேலும், அந்த மலிவான வீடுகளின் கிராண்டில்தான் சிக்கல்களும் அதிகம்.

மலேசியாவில் நிலவுரிமை என்பது பதிவேட்டில் இருப்பது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்கீழ், யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவரே உடைமையாளர்; அங்கே குறிக்கப்பட்டிருக்கும் நிபந்தனை எதுவோ அதுவே வாங்குபவரையும் கட்டும். விற்பவர் நீட்டும் நகலில் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய நிலவரம் இருக்கலாம். அதனால் சிறு கட்டணம் கட்டி நில அலுவலகத்தில் தேடல், அதாவது பதிவேட்டின் இன்றைய நிலவரத்தைக் காட்டும் தாள், எடுத்த பிறகே முன்பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்தத் தாளில் என்ன பார்ப்பது? கெரான் என்று இருந்தால் நிரந்தர உரிமை. பஜாக்கான் என்று இருந்தால் குத்தகை, முடியும் தேதியும் அங்கேயே இருக்கும். எச்.எஸ்.(டி) அல்லது எச்.எஸ்.(எம்) என்று தொடங்கினால் அளவைப் பணி முடியாத தற்காலிக உரிமைப் பத்திரம். எல்லையும் பரப்பும் பின்னால் சற்று மாறக்கூடும். நிலத்தின் வகை கட்டடமா, விவசாயமா, தொழிலா என்பது அடுத்த வரி. அதற்கும் கீழே, பலர் கண் ஓட்டாமல் விட்டுவிடும் இடத்தில், செக்காத்தான் கெபெந்திங்கான் என்ற கட்டுப்பாடு இருக்கும். மாநில அரசின் அனுமதியில்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று அங்கே ஒரு வரி இருந்தால், உங்கள் கொள்முதல் பல மாதங்கள் நீளும், மறுக்கப்படவும் கூடும். மலிவுவிலை வீடுகளில் இந்த வரி சாதாரணம். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று இருந்தால் நமக்கு அங்கே வேலையே இல்லை. கடைசியாகப் பதிவுக் குறிப்புகள்: வங்கியின் அடமானம் இருக்கலாம், அதை அடைத்துவிடலாம். யாராவது தனியார் கேவியட், அதாவது நிலத்தில் தனக்கு உரிமை உண்டு என்று கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு, போட்டிருந்தால், அது ஆறு ஆண்டுகள் வரை நிற்கக்கூடியது. ஏன் போட்டார்கள் என்று தெரியாமல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது.

தோட்டத்துப் பட்டணங்களில் நான் அதிகமாகக் காண்பது இறந்தவர் பெயரில் இருக்கும் வீடு. தோட்டத்தில் வாழ்நாள் முழுதும் உழைத்து, ஓய்வுபெற்ற பணத்தில் தாமானில் ஒரு மலிவுவிலை வீடு வாங்கிய தலைமுறையினர் பெரும்பாலும் உயில் எழுதவில்லை. அவர்கள் போன பிறகு பிள்ளைகள் வீட்டில் தொடர்ந்து இருந்தார்களே தவிர, நில அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை மாற்றவில்லை. இப்போது அம்மா “நான்தானே வீட்டுக்காரி” என்று விலை பேசுவார். உயில் இல்லாத முஸ்லிம் அல்லாதவரின் சொத்து 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி பிரிகிறது: இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஜோகூரில் இருக்கும் மூத்த மகனும், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாத கடைசி மகளும் சம்மதிக்காமல் அந்த வீடு கைமாறாது. சிறு சொத்துகளுக்கான பகிர்வை நில அலுவலகத்திலேயே செய்துகொள்ளலாம், அதன் மதிப்பு வரம்பு 2024 ஜூலையிலிருந்து ஐந்து மில்லியன் ரிங்கிட். ஆகவே வழி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வேலையை விற்பவர் முடித்து, கிராண்டில் வாரிசுகளின் பெயர் ஏறிய பிறகு வாங்குங்கள். “முன்பணத்தைக் கொடுத்துவிடு, மாற்றியதும் எழுதித் தருகிறோம்” என்பதை உறவினரே சொன்னாலும் ஏற்க வேண்டாம். உறவினர் சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதைவிட மோசமானது கிராண்டே இல்லாத வீடு. ஒருமுறை நடுத்தர வயது அம்மா ஒருவர் நெகிழிப்பை நிறையக் காகிதங்களோடு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்காக 35,000 ரிங்கிட்டுக்கு ஒரு பலகை வீடு பார்த்திருந்தார். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: மின்கட்டண பில், ஆண்டுதோறும் கட்டிய ரசீதுகள் ரப்பர் வளையத்தில் கட்டியபடி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட ஒரு சூராட் அக்குவான், அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம். “தம்பி, கரண்டு பில்லு விக்கிறவர் பேர்லதான் இருக்கு, சத்தியக் கடுதாசியும் இருக்கு, இன்னும் என்ன வேணும்?” என்றார். ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் அரசு நிலத்தில் தங்க மட்டும் இடம் தரும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்துக்குக் கட்டியவை. “அம்மா, இதுல வீடு இருக்கு, மண்ணு இல்ல” என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டும். மற்றவருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. சத்தியப் பிரமாணம் அதைச் சொத்தாக மாற்றிவிடாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வந்ததால் அவருடைய பணம் தப்பியது.

இதே வரிசையில் சேர்வது, விவசாய நிலத்தைத் துண்டுபோட்டு “லாட்” என்று விற்பது. மூன்று ஏக்கர் செம்பனைத் தோட்டத்தை வரைபடத்தில் முப்பது மனைகளாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்பந்தம் கொடுப்பார்கள். விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் குறைவாகப் பிரித்துத் தனிக் கிராண்ட் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. உங்களிடம் இருப்பது ஒப்பந்தக் காகிதம். நிலம் இன்னும் விற்றவரின் பெயரிலேயே இருக்கும்.

நிலத்தைத் துண்டுபோடுவது என்றாலே நம் சமூகத்துக்குப் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வரும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். வேலையையும் லயத்தையும் ஒருசேர இழந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அதற்கு விடையாகத்தான் நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கைச் சேர்த்தார்கள். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற பிரிவு பின்னால் நிலச் சட்டத்திலேயே சேர்ந்தது. நிலத்தில் முதலீடு என்பது நம்மவர்களுக்குப் புதிது என்று யாராவது பேசினால் எனக்குச் சற்றுக் கோபம் வருவது இதனால்தான்.

கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி ஏலம் விடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். விலை மலிவுதான். ஆனால் நிலச் சட்டத்தின்கீழ் நடக்கும் ஏலத்தில் மீதித் தொகையை 120 நாட்களுக்குள் கட்டியாக வேண்டும். நீட்டிப்புக் கிடையாது, தவறினால் வைப்புத்தொகை போய்விடும். வீட்டுக்குள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவதும் வாங்கியவரின் பொறுப்பு. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

வங்கிக்குப் போவதற்கு முன்னால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையை மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடமிருந்து எடுத்துப் பாருங்கள், இலவசம். படிப்புக்கு வாங்கிய பிடிபிடிஎன் கடனின் நிலுவை அங்கே எட்டிப் பார்க்கும். வங்கி கடனைக் கணக்கிடுவது விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் குறைந்ததை வைத்து. 180,000-க்குப் பேசிய வீட்டை மதிப்பீட்டாளர் 165,000 என்று எழுதினால் வித்தியாசத்தை நீங்களே போட வேண்டும். இதைச் சமாளிக்க ஒப்பந்தத்தில் விலையை ஏற்றி எழுதலாம் என்று தரகர் யாராவது சொன்னால், அது வங்கியை ஏமாற்றும் வேலை, கையெழுத்து உங்களுடையது. தரகர் பதிவுபெற்றவரா என்பதற்கு அவருடைய அட்டையில் எண் இருக்கும். எண்ணைச் சொல்லத் தயங்குபவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மழை பெய்த மறுநாள் போங்கள். கூடத்தின் கூரைப்பலகையில் பழுப்பு வளையங்கள், கதவு நிலையின் அடியில் கரையான் மண், இவை இரண்டும் கண்ணில் பட்டால் விலையைக் குறைத்துப் பேச இடமிருக்கிறது. பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தால் நகராண்மைக் கழகத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

வாடகைக்கு விடுவதில் நம்மவர்கள் செய்யும் தவறு, ஒப்பந்தம் எழுதாமல் சாவியைக் கொடுப்பது. “தெரிந்த பிள்ளைதானே” என்று கொடுத்துவிட்டு, மூன்று மாத வாடகை நின்ற பிறகு அலுவலகத்துக்கு வருகிறார்கள். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) என்ற சட்டப்படி நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றினால் நீங்களே வழக்கில் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தனி வைப்புத்தொகை, முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம், குடிவரும் நாளில் எடுத்த படங்கள் ஆகியவை இருந்தால் பேச்சிலேயே முக்கால்வாசி விவகாரங்கள் தீர்ந்துவிடும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. கடன் வட்டி, நிலவரி, மதிப்பீட்டு வரி, தீ காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

விற்கும் நாள் வந்தால் ஆதாயத்துக்கு வரி இருக்கிறது: குடிமக்கள் மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டு முதல் இல்லை. குடியிருப்பு வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு தடவை முழு விலக்குக் கோரலாம். நம்மூர் வீட்டின் சிறு ஆதாயத்துக்கு அதைச் செலவிட்டுவிடாமல், பெரிய ஆதாயம் வரும்போது பயன்படுத்துவது புத்திசாலித்தனம். வாங்கியபோது கட்டிய முத்திரை வரி, வழக்கறிஞர் கட்டணம், வீட்டின் மதிப்பைக் கூட்டிய கட்டுமானச் செலவு ஆகியவற்றை ஆதாயத்தைக் கணக்கிடும்போது கழிக்கலாம். குழாய் மாற்றியது அந்தந்த ஆண்டின் வாடகைக் கணக்கில் போகும். அனுமதி வாங்கிச் சமையலறையை நீட்டியது விற்பனைக் கணக்கில் போகும். மேஸ்திரிக்கு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவருக்கு இரண்டு கணக்கிலும் எதுவும் கழியாது.